முதல் மார்க் எந்த நாட்டுக்கு?

சேக் இஸ்மாயில் மாரடைப்பில் செத்தார் என்று எழுதிக் கொடுத்தவர்கள் மேல் அழகுமலைக்கு இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை. மூச்சுக்குத் தவித்துப் போன மனுஷன். கொரோனா கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை. அப்படியானால் இந்த நாட்டுக்கு மார்க் போடும்போது இஸ்மாயில் மாமா எந்தக் கணக்கில் வருவார்?

காஜிமார் தெருவில் பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பது இஸ்மாயிலின் தொழில். அழகுமலை விளாங்குடிக்காரர், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மாமா, மாப்ள என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் சிநேகிதர்கள். முதல் ஊரடங்கில் இருவருக்கும் பிழைப்பு படுத்துவிட்டது. இஸ்மாயில் கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து, செல்போனில் செய்தி பார்த்து, கொரோனாவைச் சமாளிப்பதில் நாடுகளுக்கு மார்க் போட்டார்கள். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இஸ்மாயிலின் ஒரே மகன் முபீன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். ஊருக்கு விமானம் விடுகிறார்கள், வரவா என்று கேட்டிருந்தான். வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடுவார்களா, யாருக்கும் தெரியாது. எந்த அரசாங்கம் நன்றாகச் சமாளிக்கிறதோ அங்கே பிள்ளை இருக்கட்டும் என்பது தகப்பன் யோசனை.

“சிங்கப்பூருதான் மாப்ள ஃபர்ஸ்ட்டு.”

“வேலைக்குப் போனவங்கள விடுதில வச்சு அடைச்சுட்டான்ல மாமா? அம்புட்டுப் பேருக்கும் ஒட்டிக்கிருச்சாம்ல?”

“ஒட்டுச்சு, எம்புட்டுப் பேரு செத்தான்? சோறு உள்ள போகுதுல்ல? நம்மாளும்தான் அடைச்சான், சோறு எங்க?”

“ரேசன்ல அரிசி குடுத்தாய்ங்கள்ல?”

“நீ எந்தக் கட்சிய்யா?”

“சரி, நியூசிலாந்து?”

“அங்க ஆளை விட ஆடு ஜாஸ்தி. ஆட்டுக்கு மாஸ்க் மாட்டிட்டா சோலி முடிஞ்சுச்சு.”

அழகுமலைக்குத்தான் பிடிபடவில்லை. தேடித் தேடிச் சோதித்த நாட்டில் நோய் கூடுதலாகத் தெரிந்தது. சோதிக்காத நாடு நல்ல பேர் வாங்கியது. இந்த வாரம் கைதட்டல் வாங்கிய தேசம் அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஆளைக் கிடத்தியிருந்தது. எதை வைத்து மார்க் போடுவது?

“அங்கனயே இரு,” என்று மகனிடம் சொல்லிவிட்டார் இஸ்மாயில்.

மறு வருஷம் இரண்டாம் அலையில் அவரே படுத்தார். எங்கேயும் படுக்கை இல்லை. அழகுமலை சரக்கு ஆட்டோவில் மெத்தை விரித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டு அலைந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார் மனைவி அஜ்மல் பீவி. அவர் மடியில் போன் அடித்தது.

“அண்ணே, முபீன். அத்தாவைப் பாக்க வரவான்னு கேக்குறான்.”

அழகுமலை வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பின்னால் போனார். இஸ்மாயில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த ஊரு நல்லதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல மாப்ள. வரச் சொல்லவா, வேணாங்கவா… நீயே ஒரு முடிவு பண்ணி அவன்ட்டச் சொல்லிரு.”