பாரம் குறைத்துத் தருபவள்

சான்றிதழின் வெற்று ஓரத்தை வெட்டும்போது விமலகுமாரி மூச்சை அடக்கிக்கொள்வாள். திரையில் கோடு மெல்ல நகர்ந்து பல்கலைக்கழக முத்திரையின் பக்கத்தில் வரும். இன்னும் கொஞ்சம். முத்திரையைத் தொட நூலிழை இருக்கும்போது நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவாள். "எழுத்துக்கு மட்டுமில்ல கேட்டியளா, வெள்ளப் பேப்பருக்கும் பாரம் உண்டு" என்பாள், பக்கத்தில் காத்திருப்பவரிடம்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில், இரும்புக் கடைக்கும் பச்சிலை மருந்துக் கடைக்கும் நடுவே அவளுடைய ஒற்றை அறை இருக்கிறது. மகள் தன்யாவின் பெயரில் கம்ப்யூட்டர் சென்டர். பெயர்ப்பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ். காரக்கோணத்தில் நர்சிங் முடித்த பெண்கள் சான்றிதழ்களோடு வருவார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் பேரப்பிள்ளையின் படம் அனுப்ப வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேனரில் வைத்துக் கணினிக்குள் ஏற்றி, தொலைபேசிக் கம்பி வழியாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். உள்ளே ஏறிய படம் உள்ளபடி இருந்தால் கம்பி தாங்காது. பாதி போனதும் இணைப்பு அறுந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அதனால் எதையும் சுருக்காமல் அவள் அனுப்புவதில்லை. நிறத்தை எடுப்பாள், அகலத்தைக் குறைப்பாள், ஓரங்களை வெட்டுவாள். அவள் பாஷையில் அதற்குப் பாரம் குறைப்பது என்று பேர்.

படம் போய்க்கொண்டிருக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவாள். விசிறி சுற்றினால் லைன் கட்டாகும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அப்படியெல்லாம் கிடையாது என்று தொலைபேசி அலுவலகத்து ஆளே வந்து சொல்லிப் பார்த்துவிட்டார். வாடிக்கையாளர்கள் வேர்த்து ஒழுகியபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலும் அதே குணம்தான். பஸ் கண்டக்டரான கணவன் தேவகுமார் கள்ளிக்காட்டு டிரிப்பில் நடந்த சண்டையை வண்டி கிளம்பிய நெய்யாற்றின்கரையிலிருந்தே சொல்லத் தொடங்கினால், "சுருக்கிச் சொல்லுங்க, சோறு ஆறுது" என்பாள்.

போன வருஷம் ஜூன் மாதத்து எடவப்பாதி மழைக்கு முன்னால் பொழியூரிலிருந்து நிக்கோலஸும் மனைவி மார்கிரெட்டும் வந்தார்கள். நிக்கோலஸ் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். மஸ்கட்டில் இருக்கும் மகன் அபின் அம்மையின் படம் ஒன்று கேட்டு போன் செய்திருந்தான். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். தேவாலயத் திருநாளில், சிலுவை நிற்கும் குருசடிக்கு முன்னால் வைத்து எடுத்த படம். நடுவில் கஞ்சி போட்ட சேலையோடு மார்கிரெட். ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதி நிழலில் நிக்கோலஸ்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் லைன் அறுந்தது. விமலகுமாரி படத்தை இன்னும் அழுத்திச் சுருக்கினாள். மார்கிரெட்டின் கன்னம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போலத் திட்டுத் திட்டாகப் போனது. அம்மையின் முகம் பார்க்கக் கேட்ட பிள்ளைக்கு அதை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. முகம் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் அகலத்தில்தான் கைவைக்க வேண்டும் என்றாள். பொழியூர் வண்டி அப்போது முக்கில் வந்து ஹார்ன் அடித்தது.

நிக்கோலஸ் எழுந்தே நின்றுவிட்டார். "என்னை வெட்டிக் களை மக்கா. அவனுக்கு அம்மைக்க மொகம் கண்டா போரும்" என்றார்.

மார்கிரெட் பையை மடித்துக்கொண்டிருந்தாள். "அவரும் நிக்கட்டு" என்றாள், பைக்குச் சொல்வதுபோல.

விமலகுமாரி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோட்டை நகர்த்தி, வெட்டி, அனுப்பினாள். போய்விட்டது. சிறிய படத்தைப் பெரிய படத்தின் மேலேயே சேமித்தாள். எப்போதும் செய்வதுதான். கணினியில் இடம் இல்லை, காகிதம் அவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது, பிறகு பெரியதை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? அவர்கள் இருவரும் மழையில் ஓடி வண்டியைப் பிடித்தார்கள்.

ஜூலையில் கடல் ஏறியது. பொழியூர்க் கரையில் அவர்கள் இருந்த வரிசையில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. உடுத்த துணியோடு வெளியே வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நிக்கோலஸ் வீட்டுத் தகரப் பெட்டி கடலோடு போனது. கல்யாணப் படம், வாக்காளர் அட்டை, திருநாள் படம் எல்லாம் அதற்குள் இருந்தன. பள்ளிக்கூடத்துத் தரையில் கிடந்து நிக்கோலஸுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஓணத்துக்கு முன்னால் இறந்துபோனார். மகனால் வர முடியவில்லை.

அதன் பிறகுதான் மார்கிரெட் தனியாக வந்தாள். படம் எடுத்தவரிடம் போய்க் கேட்டாளாம், அவர் பிலிமை வைத்திருக்கவில்லை. அப்பனின் படம் ஒன்று வேண்டுமென்று அபின் போனில் அழுகிறான் என்றாள்.

"அண்ணைக்கு நீ முழுசாட்டு மிசினுக்க உள்ள ஏத்தினியே மக்கா. அதில அவரு இருப்பாரு. ஒண்ணு எடுத்துத் தா."

இல்லை என்று விமலகுமாரிக்குத் தெரியும். தெரிந்தும் தேடினாள். கணினிக்குள் தேடினாள், பெட்டியிலிருந்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினாள். தேடுகிற வரைக்கும் சொல்லாமல் இருக்கலாம். கடைசியில் அந்தச் சிறிய படத்தையே திறந்தாள். மார்கிரெட் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டிய விளிம்பில், சேலைத் தோளின் மேல், நாலு விரல்கள் தங்கிப்போயிருந்தன. அன்று அதை விமலகுமாரி கவனிக்கவில்லை.

"அது அவருக்க கையாக்கும்" என்றாள் மார்கிரெட்.

விமலகுமாரி படத்தைப் பெரிதாக்கினாள். விரல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தன. இன்னும் பெரிதாக்கினாள், வெறும் கட்டங்கள் மட்டும் இருந்தன. எது விரல், எது சேலை என்று தெரியவில்லை. சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள்தான் அவள். ஆனாலும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள்.

"பெருசாக்கண்டாம் மக்கா. இருக்கியது போலத் தா."

அச்சு இயந்திரம் இரைந்து இரைந்து தாளைத் தள்ளியது. அது வெளியே வருகிற நேரத்தில் விமலகுமாரி சொன்னாள்: "அக்கா, அண்ணைக்கு நீங்க சொன்னது எனக்குக் காதில விழுந்து."

"அறியும். நீ திரும்பிப் பாத்தியே, நானும் கண்டேன்" என்றாள் மார்கிரெட். வெளியே வந்த தாளை எடுத்தபடி, "வண்டி வந்துபோச்சுல்லா" என்றும் சொன்னாள். அதை மடிக்காமல், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்று விமலகுமாரி தேவகுமாரிடம் சொன்னாளாம். அன்று மட்டும் அவள் சுருக்காமல், நடந்ததை முழுவதும் சொன்னாள்.

அடுத்த மாதமே கணினிக்குப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டாள். கடைக்கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது இது எதற்கு என்று தேவகுமார் கேட்டான். இப்போது பெரிய படமும் இருக்கும், சிறிய படமும் இருக்கும். எதன் மேலும் எதையும் சேமிப்பதில்லை. மார்கிரெட் அதன் பிறகு கடைக்கு வரவில்லை. பொழியூர் ஆட்கள் யாராவது வந்தால் விமலகுமாரி விசாரிப்பாள். புதிய வீடு கிடைத்ததா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சென்ற வாரம் கள்ளிக்காட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. குவைத்துக்குக் கல்யாணப் படம் அனுப்ப வேண்டும். பெண்ணின் மாமா ராஜப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் யாரை வெட்டலாம் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத் திருவனந்தபுரம் போக நேரமாகிக்கொண்டிருந்தது. விமலகுமாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாசல் படியருகே, குடையை மடக்காமல் அவர்களோடு வந்த ஒரு நடுவயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ராஜப்பன் சொல்லி முடித்ததும் விமலகுமாரி மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியோடு வாசல் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க, சேச்சி" என்றாள்.