இரண்டு வாசல் வால்வு

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில், அம்முலுவின் டீக்கடையை ஒட்டி இருக்கிறது பாண்டுரங்கனின் ரேடியேட்டர் பட்டறை. பெயர்ப்பலகை அழிந்து வெகு நாளாகிறது. கொதிக்கும் வண்டிகளுக்குப் பலகை தேவைப்படவில்லை.

ரேடியேட்டரைச் சோதிக்க அவர் கருவி எதையும் எடுப்பதில்லை. மேல் தொட்டியில் வெந்நீரை ஊற்றுவார். முன்பக்கத் தகடுகளின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்குவார். சூடு சீராக இறங்கினால் உள்ளே குழாய்கள் திறந்திருக்கின்றன. நடுவே ஒரு பட்டை குளிர்ந்திருந்தால் அந்தக் குழாயில் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்திருக்கிறது. அதைத் திறக்கும் வரை ரேடியேட்டரை வெளியே விட மாட்டார். அவசரப்படுத்துகிறவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார்.

காஞ்சிபுரத்து லாரி பட்டறை ஒன்றில் தொட்டி கழுவப் போனவர் அவர். பார்த்துப் பார்த்தே தொழில் படிந்தது. அங்கிருந்து கையோடு வந்த வழக்கம் ஒன்றும் உண்டு. எந்த இன்ஜின் வந்தாலும் அதன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி வைக்கும் சின்னப் பித்தளைச் சாமான் அது.

"பனி பெய்யிற ஊருக்குச் செஞ்சது. நம்ம வெயிலுக்கு இன்னாத்துக்கு?" என்பார். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். பழைய டிராக்டர்கள் அதை எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. கழற்றிய வால்வுகள் ஒரு பெயின்ட் டின்னில் நிறைந்து கிடந்தன.

தை மாதக் கடைசியில் ஏசுதாஸ் தன் நெல் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தான். வாங்கி இரண்டு பருவம்கூட ஆகாத இயந்திரம். வயலில் இறங்கினால் கொதிக்கிறது. பாண்டுரங்கன் ரேடியேட்டரை இறக்கி, உப்பை எடுத்து, காற்றடித்துப் பார்த்து, உள்ளங்கையால் சோதித்து மாட்டினார். வழக்கம்போல வால்வு டின்னுக்குப் போனது.

மறுநாள் காலை அந்த இயந்திரம் திருப்புலிவனத்தில் சிட்டம்மாளின் வயலில் இறங்கியது. சுற்றிலும் எல்லோரும் அறுத்துவிட்டார்கள். அவள் நெல் மட்டும் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. மத்தியானத்துக்கு மேல் மழை என்று போன் சொன்னது. மழை பிடித்தால் கதிர் சாய்ந்து சேற்றிலேயே முளைத்துவிடும். அவள் வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சோறு அது.

ஏசுதாஸ் போன் செய்தான். "அண்ணே, சூடு காட்டுற முள்ளு மறுபடியும் செவப்புக்குப் போயிடுச்சி. நாலு வரிசகூட அறுக்கல."

பாண்டுரங்கன் வரப்பில் வண்டியை நிறுத்தும்போதே சிட்டம்மாள் பிடித்துக்கொண்டாள். "வா பாண்டு. நேத்து கைய வெச்சித் தடவித் தடவிப் பாத்தியாமே. இன்னா, ஜோசியமா பாத்த?"

"கொஞ்சம் இருக்கா."

"நான் இருப்பேன். அது இருக்குமா?" என்று கிழக்கே கையை நீட்டினாள். ஏரிக்கரைப் பனைகளுக்குப் பின்னால் வானம் ஈயம்போல இறங்கியிருந்தது.

இன்ஜினை வேகமாக ஓடவிடச் சொல்லி, ரேடியேட்டரின் மேல் கையை வைத்தார். மேலே சுட்டது. பாதிக்கு வருவதற்குள் சூடு செத்துப்போனது. அடைப்பு என்றால் பட்டை பட்டையாகத் தெரிய வேண்டும். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே குளிர்ச்சி. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸைப் பிடித்தார். உள்ளே ஓட்டமே இல்லாததுபோல அது தளர்ந்து கிடந்தது. இன்ஜின் கொதிக்கிறது, ஆற்ற வேண்டியதோ சும்மா நிற்கிறது.

"இன்னா தேடுற?" என்றாள் சிட்டம்மாள்.

"தண்ணி ரேடியேட்டருக்குச் சரியா வரலக்கா. குறுக்கால எங்கியோ ஓடிப்பூடுது."

"அப்ப அந்த வாய அடைக்கறது யாரு?"

ஆயுள் முழுக்க வாய்க்காலில் மண்வெட்டி போட்டவளின் கேள்வி. பாண்டுரங்கனின் விரல்கள் வால்வு இருந்த கூட்டுக்கு அடியில் போயின. அங்கிருந்து பம்புக்கே திரும்பும் குட்டைக் குழாய் ஒன்று, பழைய டிராக்டர்களில் இத்தனை பெரிதாக அவர் பார்த்திராதது, இருந்தது. தொட்ட விரலை உதறினார். அது தகித்துத் துடித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டரைச் சுற்றிப் போவானேன் என்று கொதிநீரில் பெரும்பகுதி அந்தக் குறுக்கு வழியிலேயே சுற்றிச் சுற்றி இன்ஜினுக்குள் வந்துகொண்டிருந்தது.

அந்த வாயை அடைக்க வேண்டியது பெயின்ட் டின்னில் கிடந்தது.

"ஆஃப் பண்ணுடா. ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பட்டறையில், டின்னில் மேலாகக் கிடந்தது நேற்றைய வால்வு. சோதிக்காமல் எதையும் மாட்டிப் பழக்கமில்லை அவருக்கு. அம்முலுவின் அடுப்பில் கொதித்த பாத்திரத்தில் அதைக் கம்பியில் கட்டி இறக்கினார்.

"அய்ய, டீத்தண்ணில இன்னாணா போடுற? வர்றவனுக்கு டீசல் டீயா?"

"கம்முனு இரு அம்முலு."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிட்டதுபோல, மேல்தட்டு தன் இருப்பிடத்தை விட்டுக் கிளம்பியது. ஒரு நூலளவு இடைவெளி, பிறகு விரலளவு. ரேடியேட்டர் பக்கத்து வாசல் திறந்துகொண்டே போக, அடியில் இருந்த இன்னொரு தட்டு அதே அளவு கீழே இறங்கியது. குறுக்குக் குழாயின் வாயில் போய் உட்காரவேண்டிய தட்டு. ஒரு வாசலைத் திறக்கிற அசைவே மற்றதை மூடுகிறது. கரன்ட் இல்லை, ஆள் இல்லை. உள்ளே இருப்பது ஒரு சிறு உருண்டை மெழுகு மட்டும் என்பது பிறகு ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. உருகினால் பெருத்துத் தள்ளுகிறது, ஆறினால் சுருங்குகிறது, ஸ்பிரிங் பழையபடி மூடிவிடுகிறது.

வெளியே எடுத்தார். மூடியது. மறுபடி இறக்கினார். திறந்தது. இத்தனை நாள் கையில் எடுத்து எறிந்த சாமான், வெந்நீருக்குள் உயிர் வந்ததுபோல வேலை செய்துகொண்டிருந்தது. வாய் திறந்து பார்த்தபடி நின்றார்.

அம்முலுவும் எட்டிப் பார்த்தாள். "யாரு சொல்றா அதுக்கு?"

"சூடு சொல்லுது."

"அப்ப மழ சொல்றதயும் கேளு. தூறலு வந்துகினு கீது, கெளம்பு."

வயலுக்கு வந்து, மூட்டு கசியாமலிருக்க அட்டையில் கேஸ்கெட் வெட்டி, வால்வை உட்கார வைத்து, தண்ணீர் நிரப்பினார்கள். ஏசுதாஸ் சிட்டம்மாளின் நெல்லுக்குள் இயந்திரத்தைத் திருப்பினான். பாண்டுரங்கன் ஏணிப்படியில் தொற்றிக்கொண்டே போனார். முள் ஏறியது. பச்சையைத் தாண்டியது. ஏசுதாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. எட்டி மேல் ஹோஸைப் பிடித்திருந்தார்.

கைக்குள் அது திடீரென்று விறைத்தது. உள்ளே ஓட்டம் வந்துவிட்டது. முள் தயங்கி, ஒரு மயிரிழை இறங்கி, அங்கேயே நின்றது.

கடைசி வரிசை அறுத்து முடிந்து, நெல்லை டிராக்டர் டிரெய்லரில் கொட்டி, சிட்டம்மாள் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபோது மழை இறங்கியது. தாள் மட்டும் நின்ற வயலில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் மேல் விழுந்த துளிகள் ஆவியாகிப் பறந்தன. பாண்டுரங்கன் நனைந்தபடி ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இன்னா தடவிக்கினு கீற? கஞ்சி குடிக்க வா," என்று அருகே வந்த சிட்டம்மாள், பதர் ஒட்டிய தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சுடுதே, பாண்டு."

"சுடணும்க்கா," என்றார் அவர்.