காயாத துணி

அவளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் இடி. வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து இடியக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை வாய்விட்டுக் கூப்பிட்டவர் யாருமில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம் அது. இஸ்திரி அறையில் முதல் மேஜை அவளுடையது. பதினெட்டு வருஷத்தில் அவள் கை பதம் பார்க்காத கன்னம் அங்கே குறைவு. துணி ஏற்ற வந்த வேன் டிரைவர் ஒருவன் அவள் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான், முன்பல் ஒன்று குறைய வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கட்டின புருஷன் ஒரு கோடையில் சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தான். இவள் அவனையே தூக்கி வாசலில் எறிந்தாள். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். "நல்லதாப் போச்சு, வீட்டுல ஒரு ஆள் சூடு குறைஞ்சுது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் யாரும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பதில்லை.

எல்லாப் பழியையும் அவள் மேலேயே போட்டுவிட முடியாது. அந்த ஊர்ப் புழுக்கம் அப்படி. வெறும் வெயில் என்றால் நிழலுக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம், இது நிழலுக்குள்ளும் பின்னாலேயே வந்து உட்காரும். உப்பு ஜாடியில் உப்பு கட்டிதட்டிக் கிடக்கும். தீக்குச்சி நமத்துப்போய் நாலு கிழித்தால் ஒன்று பற்றும். குளித்துவிட்டுத் துவட்டினால் துவட்டுவது தண்ணீரா வேர்வையா என்று தெரியாது. கழுத்து, முதுகு, முழங்கை மடிப்பு எங்கும் வேர்க்குரு. ராத்திரி தூங்காத ஜனம் காலையில் பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும்? கால் பட்டதற்குச் சட்டையைப் பிடிப்பார்கள், சட்டையைப் பிடித்ததற்கு மூக்கை உடைப்பார்கள். சாதுவான மனுஷர்களே புழுங்குகிற அந்த இரண்டு மாதமும் ஆளுக்கு ஆள் கடித்துக் குதறிக்கொண்டார்கள் என்றால், இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இஸ்திரி அறையில் பன்னிரண்டு பெண்கள். சுவர் நெடுக நீராவிக் குழாய். ரோட்டுத் தூசி வெள்ளைத் துணியில் படியும் என்று கண்ணாடி ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார் மேனேஜர். காற்று என்று இருந்தது ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். அதற்காக ஒரு காலத்தில் தினமும் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை நடக்கும். இடிதான் தரையில் சாக்பீஸால் ஆறு வட்டம் போட்டாள். அரை மணிக்கு ஒரு வட்டம். ஃபேன் அந்த வட்டத்தில்தான் நிற்கவேண்டும். நேரத்துக்கு முன்னால் யாராவது நைசாக நகர்த்தினால் பொறி கலங்க ஓர் அறை. வேறு எந்தச் சட்டமும் செல்லாத அந்த அறையில் இந்தச் சட்டம் பதினோரு வருஷம் ஓடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர்க்காரர். இவளைவிடப் பத்து வயது பெரியவர், ஒல்லி, பேச்சு குறைவு. நீராவி அவரிடமிருந்து வருவதால் சூட்டுக்கெல்லாம் அவர்தான் காரணம் என்பது இவள் கட்சி. சுவரைக் கட்டையால் இடித்து, "யோவ், எங்களை உயிரோட அவிச்சு எடுக்கப் போறியா?" என்று கத்துவாள். பதிலே வராது. பதில் சொல்லாத ஆளைக் கண்டால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கோபத்துக்கெல்லாம் அடியில் இருந்தது ஒரே ஓர் ஆள்: தங்கை. மடிக்கிற மேஜையில் நின்றாள். அம்மா செத்தபோது இவளுக்குப் பதினைந்து, தங்கைக்கு நாலு. இடுப்பில் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போய், பிழைப்புக்காக இந்த ஊருக்குக் கூட்டி வந்து, ஆளாக்கியவள் இவள். அவளுக்கு ஒன்று என்றால் இவளுக்கு உலகத்தில் வேறு ஒருவரும் கிடையாது.

அவர்கள் பிறந்தது காய்ந்த ஊர். மண் வெடிக்கும், உதடு வெடிக்கும், காற்று அனலாக அடிக்கும். ஒரு கோடையில் வெயில் தாக்கி அந்தத் தெருவில் மூன்று பிணம் விழுந்தது. அம்மா கதவு ஜன்னலை எல்லாம் சாத்தி, சந்துகளில் ஈரத் துணியைத் தொங்கவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஈர விரிப்பில் சுற்றிப் படுக்கவைத்தாள். பிழைத்துக்கொண்டார்கள். அம்மா விட்டுப்போன சொத்து அந்த ஒரு வைத்தியம்தான்.

நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். நாலு நாளாகக் கொடியில் போட்ட துணி காயவில்லை. காற்றில் அவ்வளவு ஈரம். மொட்டை மாடி முழுக்க விரிப்புகள் தொங்கின, தொட்டால் அப்போதுதான் பிழிந்ததுபோல இருந்தன, ஒரு பூஞ்சை வாடை வேறு. உலர்த்தும் மெஷின் ஒன்று, அதுவும் மூச்சு வாங்கியது. ஈரத்தோடேயே கொண்டுவந்து இஸ்திரி மேஜையில் கொட்டினார்கள். பெட்டியை வைத்தால் ஆவி முகத்தில் அடித்தது.

அன்று காலை மேனேஜர் அறை ஃபேன் புகைந்து நின்றது. அவர் ஆள் அனுப்பி இஸ்திரி அறை ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இடி மொட்டை மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வட்டம் காலியாக இருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேணாம். போன தடவையே எழுதி வாங்கிட்டாங்க. இன்னொரு தடவை கை நீட்டினா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே!"

"அனுப்பினா எங்க போறது? எனக்காக விட்ரு அக்கா. ஒரு நாள்தானே."

பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். அதுவரை வாழ்க்கையில் அவள் அடிக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அடித்திருக்க வேண்டிய தடவையும் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், சொல்லவே வயிறு எரிகிறது. பெண்களின் கழிப்பறைச் சாவி மேனேஜர் மேஜை டிராயரில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் போய் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்கவேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தங்கை அன்று காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடிக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் ஒரே விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பக்கத்து மேஜைக்காரி கேட்டதற்கு, "அம்மா கூப்பிடுறாங்க" என்றாள். அப்புறம் மேஜை விளிம்பில் நெற்றி மோதிக் கீழே சாய்ந்தாள். கண் மேலே செருகியிருந்தது.

இடிக்குத் தலை கால் புரியவில்லை. தங்கையைத் தோளில் அள்ளிக்கொண்டு பக்கத்துக் கிடங்கு அறைக்குள் ஓடினாள். உள்ளே வந்தவர்களை முழங்கையால் இடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாள். ஈர விரிப்புகளுக்கா பஞ்சம்? ஒன்றை ஜன்னலில் மாட்டினாள், ஒன்றைக் கதவுச் சந்தில் திணித்தாள், மூன்றை எடுத்துத் தங்கையைத் தலை முதல் கால் வரை சுற்றினாள். அம்மா செய்த மாதிரியே, ஒன்றுவிடாமல் செய்தாள். தங்கை முனகினாள். இன்னும் ஒரு விரிப்பைச் சுற்றினாள்.

வெளியே பெண்கள் கதவைத் தட்டி அழுதார்கள். சத்தம் கேட்டுப் பாய்லர்க்காரர் ஓடிவந்தார்.

"கதவைத் தெற! மூடி வெக்காத!"

"போய்யா அந்தப் பக்கம்! அவிச்சது பத்தாதா?"

அவர் ஜன்னல் பக்கம் ஓடினார். கம்பியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். ஈர விரிப்பைக் கிழித்துத் தள்ளிவிட்டு, கையில் கண்ணாடி கீற உள்ளே குதித்தார். குதித்தவர் நேராகத் தங்கைமேல் சுற்றியிருந்த விரிப்பைப் பிடித்து உருவினார்.

துணி கிளறும் கட்டை மூலையில் சாய்ந்திருந்தது. இடி அதை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. அவர் விடவில்லை. இரண்டாவது முதுகில். மூன்றாவது இடது காதில் விழுந்தது, மரத்தில் மரம் மோதுவதுபோல ஒரு சத்தம். வெள்ளை விரிப்பில் ரத்தம் கொட்டியது. மனுஷன் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். விரிப்பின் நுனி மட்டும் இன்னும் அவர் கையில் இருந்தது.

"அடிச்சுக்கோ" என்றார். "நாலு நாளா கொடியில போட்ட துணியே காயல. அவ உடம்பு எப்படிக் காயும்?"

நாலாவது அடிக்கு ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. பதினெட்டு வருஷம் துணியோடு மல்லுக்கட்டியவள் அவள். எந்தத் துணி எப்போது காயும் என்பதைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லக்கூடியவள். விரிப்புக்குள் கையை விட்டாள். ஈரம் அப்படியே இருந்தது, கொதித்துக்கொண்டு இருந்தது. இவள் தங்கைக்குப் போர்த்தியிருந்தது குளிர்ச்சியை அல்ல, இன்னொரு பாய்லரை.

அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். விரிப்புகளைக் கிழித்தெறிந்தாள். தாழைத் திறக்கப் பொறுமையில்லாமல் உதைத்ததில் கதவு ஒரு கீலோடு தொங்கியது. மேனேஜர் அறைக்குள் புகுந்தாள். அவர் காலர் பட்டனைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஏய், என்ன இது, யாரைக் கேட்டு" என்று எழுந்தவர் ஃபேனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். இவள் ஃபேனை ஒரு கையால் பிடுங்கி, அவருக்கு மறு கையால் ஒன்று விட்டாள். அவர் நாற்காலியோடு போய் இரும்பு பீரோவில் மோதினார். நெற்றி பிளந்து மூக்கு வழியே ரத்தம் ஓடியது. அவர் மேலேயே ஃபைல்கள் சரிந்தன. ஃபேனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள்.

இஸ்திரிக்குத் துணியில் தண்ணீர் அடிக்கும் பூவாளி பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார் பாய்லர்க்காரர், காதைப் பொத்திக்கொண்டே. "நனைக்காதீங்க. தூவுங்க. காத்து அதை எடுத்துட்டுப் போகணும்." உடைந்த ஜன்னல் ஒரு பக்கம், உடைந்த கதவு ஒரு பக்கம், நடுவில் ஃபேன். மற்றப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று தூவினார்கள், அட்டையால் விசிறினார்கள். இடி மட்டும் தங்கை காலடியில் உட்கார்ந்து, கீழே கிடந்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமோ. "அக்கா... தண்ணி" என்றாள் தங்கை.

சலவை வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸம்மா தங்கைக்குச் சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டாள். "முதல்ல பார்த்தது யாரு? புத்தியாப் பார்த்திருக்காங்க. இல்லைன்னா கொண்டு வந்தே பிரயோஜனம் இல்ல."

இடி திரும்பிப் பார்த்தாள். இரண்டு கட்டில் தள்ளி அந்த ஆளுக்குக் காதில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மேனேஜர் போலீஸுக்குப் போவேன் என்றார். பெண்கள் வாசல் கேட் அருகில் உட்கார்ந்து, ஃபேன் கதையையும் சாவிக் கதையையும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள். முதலாளிக்கு உதறல் எடுத்தது. மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார், இடியை ஒரு மாதம் வீட்டில் உட்காரவைத்தார். திரும்பி வந்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. கழிப்பறைச் சாவி சுவர் ஆணியில் தொங்கியது. பாய்லர்க்காரரின் இடது காதுக்குக் கேட்கும் சக்தி மட்டும் திரும்பி வரவில்லை.

வந்த முதல் நாளே அவள் பாய்லர் அறை வாசலில் போய் நின்றாள். "என்னை மூணு அடி அடிச்சுடுங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "இந்தப் புழுக்கத்துல கை ஓங்கத் தெம்பில்ல. குளிரட்டும், பார்க்கலாம்."

விளையாட்டுக்குச் சொன்னாரா, வெறுப்பில் சொன்னாரா, யாருக்குத் தெரியும். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். குளிர் வரும்வரை அவள் கை ஒருவர் மேலும் படவில்லை. ஃபேனை யாரோ நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் நகர்த்தியபோது அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் பேசாமல் பழைய வட்டத்துக்கு இழுத்துவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். எல்லோருக்கும் அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை மழை விட்டு, காற்று சிலுசிலுவென்று வந்தது. கொடியில் போட்ட விரிப்பு மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனாள்.

"குளிர்ந்துடுச்சு. அடிங்க."

அவர் திரும்பவில்லை. இடது பக்கம் நின்று சொல்லியிருந்தாள். சொன்னதை இரண்டாவது முறை சொல்லிப் பழக்கமில்லாதவள், சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்தாள். வந்து நின்றதும் வாயில் வந்த வார்த்தை வேறாக இருந்தது.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த காய்ந்த விரிப்பைப் பார்த்தார். நெருப்பை ஒரு தடவை கிளறிவிட்டார்.

"இப்பத்தான் காதுல விழுந்துச்சு" என்றார். "போம்போது கதவைச் சாத்தாத. காத்து வரட்டும்."

அவள் கதவை அகலத் திறந்து, அது மூடாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மேஜைக்குப் போனாள்.