மாமாவின் வேண்டுதல் முடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்தவன், கடலில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் சிரித்து வைப்பேன். நீங்களும் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர் மட்டும் இன்னும் மெட்ராஸோடு இருந்தது, நாளைக்கு எந்தப் பக்கம் போகுமோ என்று டீக்கடையில் தினம் சண்டை. என் அக்காவின் புருஷன் ஏகாம்பரம் மாமாதான் தான் வேலை பார்த்த கப்பலிலேயே என்னையும் சேர்த்துவிட்டவர். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, தானும் பத்திரமாக ஊர் திரும்பினால் திருப்பதியில் முடி கொடுப்பதாக மாமா வேண்டிக்கொண்டார். அதற்கப்புறம் தலையில் கத்தரி பட விடவில்லை. ஏற்கெனவே கழுத்து வரை வைத்திருந்த முடி தோள் வரை இறங்கிவிட்டது, கொண்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்.

"பொம்பள மாதிரி கீற மாமா" என்று கேலி செய்வேன்.

"சிரிடா, சிரி. இது சாமியோடது, என்னுது இல்ல" என்பார்.

கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தோம். அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை. பட்டப்பகல், எல்லோரும் சோற்றில் கை வைத்திருந்த நேரம், துப்பாக்கிக்காரர்கள் படகுகளில் வந்து ஏணியைப் பிடித்து ஏறிவிட்டார்கள். கேப்டனை முகத்திலேயே அடித்து மண்டி போட வைத்தார்கள், வயர்லெஸ் அறையை நொறுக்கினார்கள், எங்களை எல்லாம் கப்பல் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். மாமா கையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காகத்தான் நின்றார். ஒருவன் அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தான். மாமா அவன் கையைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான், சுட்டுவிட்டான்.

அப்படியே பின்னால் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார். துறைமுகத் தண்ணீர் முழுக்கக் கறுப்பு எண்ணெய் மிதந்தது. கொண்டை அவிழ்ந்து அந்த எண்ணெய் மேல் முடி விரிந்ததைப் பார்த்தேன், அப்புறம் அதுவும் உள்ளே போய்விட்டது. கப்பலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களை அடைத்து வைத்து, பேன் பிடித்துவிட்டது என்று தலையை ஒட்ட வெட்டி, கடைசியில் வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் அக்கா மடியில் பெண் குழந்தை. நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"பொணத்தப் பாத்தியாடா?"

"பாக்கலக்கா. சுட்டத என் கண்ணால பாத்தேன்."

"பொணத்தப் பாக்கல இல்ல? அப்ப உயிரோடதான் கீறாரு."

காரியம் செய்ய வந்த பெரியவர்களை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள், நெற்றிக் குங்குமத்தைத் தொட விடவில்லை. "வேண்டுதல் நின்னுபோச்சு, அதான் அவரு வர்ற வழி அடைஞ்சு கீது. அவருக்குப் பதிலா நீ முடி குடுடா" என்றாள். அவள் மனசு ஆறினால் போதும் என்று அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திருமலையில், மொட்டை போடும் கல்யாணகட்டாவில் உட்கார்ந்தேன். என் தலையில் அப்போது நகத்தளவுகூட முடி கிடையாது. "ஏமய்யா, இதுல என்னா கீதுன்னு சிரைக்கறது?" என்று நாவிதர் சிரித்தார். தண்ணீர் தொட்டுக் கத்தியை ஒரு இழுப்பு இழுத்தார். என் மடியில் ஏதோ கனமாக விழுந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நீளமான முடி. எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று, அந்தத் துறைமுக நாற்றம் அப்படியே. நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "கோவிந்தா, கோவிந்தா" என்றார்.

எதிரே குழந்தையோடு உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். "வந்துட்டாரு பாரு" என்று அதை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வேண்டிக்கின மொக்கு முடிம்மா அது, சாமிக்கு வுட்டுட்டுப் போ. வீட்டுக்கு எடுத்துக்கினு போனா வேண்டுதல் தீராது" என்று நாவிதர் கெஞ்சினார். அவள் காதில் வாங்கவேயில்லை. எனக்கு அது செத்தவர் முடி. அவளுக்கு அது புருஷன் இருக்கிறான் என்பதற்குச் சாட்சி. மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது நான்தான் அழுதேன்.

அப்புறம் எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தது. மாமாவைப் பற்றி விசாரிக்கப் போனால் இந்தப் பக்கத்துச் சர்க்கார் ஆபீஸில், "அவரு மெட்ராஸ் மனிஷி, அங்க போய்க் கேளு" என்றார்கள். மெட்ராஸில், "உங்க ஊருதான் ஆந்திரா ஆயிடுச்சே" என்றார்கள். எந்த ராஜ்யத்துக்கும் அவர் வேண்டாத ஆளாகிவிட்டார். மாமா செத்துட்டாருக்கா, செத்துட்டாருக்கா என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தலை நரைத்துக் கிழவியாகும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து, குங்குமத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

அவள் காரியமெல்லாம் முடிந்ததும் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முடியைக் கொண்டுபோய் மலையில் சேர்த்துவிடலாம், மாமாவுக்கும் சேர்த்து ஒரு காரியம் செய்துவிடலாம் என்று எண்ணம். துணி முடிச்சை அவிழ்த்தேன். இத்தனை வருஷம் ஆகியும் எண்ணெய் காயாமல் விரலில் ஒட்டியது. சரி, எண்ணெய்தானே என்று நுனியைப் பிடித்துத் தூக்கினேன்.

அன்றைக்கு அது தோளளவு முடி, அக்காவின் இரண்டு கைக்குள் அடங்கியது. இப்போது எழுந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும், மீதி தரையில் சுருண்டு கிடந்தது.

செத்தவனுக்கு முடி வளருமா, நீங்களே சொல்லுங்கள். மலைக்கு நான் போகவில்லை, காரியமும் செய்யவில்லை. பெட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது, போன வாரம் அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை.