தொப்பியைத் தூக்கும் களஞ்சியம்

இலங்கை மலைநாட்டின் ஹேவாஹெட்டப் பாதையில், தேயிலைக்கு நடுவே வயலோடு தப்பிப் பிழைத்த ஒரு பழைய பண்ணைவீட்டின் முற்றத்தில் நிற்கிறேன். கட்டடக்கலை எனக்கு அத்துபடி என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்காரர் காசிம் நானாவுக்கு அது இன்னும் தெரியாது. பெரிய கூடையொன்றுக்கு மண் பூசிக் கல்தூண்களில் ஏற்றிவைத்ததுபோல் இருக்கிறது நெற்களஞ்சியம். சுற்றிச் சுற்றி வந்தும் கதவைக் காணோம்.

"வாசல் எங்கே நானா?"

"தலையில."

ஏணியில் ஏறி வைக்கோல் கூரையை நெம்பி, கழியால் முட்டுக் கொடுக்கிறார். களஞ்சியம் தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் சொல்கிறது. நானும் என் தொப்பியைத் தூக்குகிறேன்.

"படம் வரைந்துவிடுகிறேன், மூடாதீர்கள்."

"மழை வருது தொர. உள்ளுக்கு ஈக்கிறது வருஷச் சாப்பாடு."

"ஒரே நிமிஷம்!"

மழை அந்த நிமிஷத்தைத் தரவில்லை. கழி இறுகிக்கொள்கிறது. உதவிக்கு நானும் ஏணியில் ஏறுகிறேன். நானா அதை உருவ, கூரையின் பாரம் என் தலையில். ஒருவழியாக மூடுகிறோம். நெல் நனையவில்லை, நானும் என் படமும் தெப்பம்.

அவர் நீட்டிய துவாயால் துடைத்தபடி, கௌரவத்தை மீட்கக் கேட்கிறேன்: "இது இத்தனை தலைமுறையாக எப்படி நானா கெடாமல் நிற்கிறது?"

"இந்தப் பக்கம் படம் கீறுற ஆக்கள் வாறதில்ல, தொர."