கண்ணில் படாத நரி

என் தங்கை சரண்யாதேவி எதிர்ப்பை மீறி ஜெயித்தவை: எட்டாம் வகுப்பில் ஓவியப் போட்டி, மூன்றே கலர் பென்சிலை வைத்துக்கொண்டு. பி.காம். சேர்க்க அப்பா வாங்கி வந்த விண்ணப்பம். அம்மா பார்த்த இரண்டு மாப்பிள்ளைகள், அதில் ஒருவர் சொந்த லாரி வைத்திருந்தவர். கடைசியாக ஒரு நரி. நான் பத்தாவதோடு நின்று உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவன். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். ஆகவே நரி விஷயத்தைத் தப்பில்லாமல் சொல்ல முடியும்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு மேல்மாடியில் வீடியோ கேம் கம்பெனி ஒன்று இருக்கிறது. விளையாட்டு முழுக்க மந்திரவாதிகளும் ராஜாக்களும் திரியும் பெரிய காடு. விளையாடுகிறவர் அதில் இஷ்டம்போல் அலையலாம். அதற்கு மிருகங்களை மட்டும் இங்கே செய்து கொடுக்கிறார்கள். தங்கை பயிற்சிக்குச் சேர்ந்தாள். மூன்று மாதத்துக்குள் கம்ப்யூட்டரில் நிஜம் போல ஒரு நரி செய்து காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. பயிற்சியில் செய்வது எதிலும் அவள் பெயர் வராது. டீம் லீடர் இனிகோவின் பெயர்தான் வரும்.

"அண்ணே, நரியை நேர்ல பாக்கணும்" என்றாள்.

விடியற்காலையில் தேரிக்காட்டுக்குப் பைக்கில் கூட்டிப் போனேன். பனம்பழம் உதிரும் காலம். முதல் நாளே நரி வந்தது. பழத்தைக் கவ்வியது, எங்களைப் பார்த்தது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பதினோரு நாள் தவறாமல் வந்தது. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். தங்கை அதை அப்படியே செய்து காட்ட, இனிகோ மேசையைத் தட்டி, "இதாம்மா நரி!" என்றாராம்.

பன்னிரண்டாம் நாள் பனையேறி செந்தூர்பாண்டி அண்ணாச்சி எங்களைத் தேடி வந்தார்.

"ஏலே ராஜதுரை, எம் நாய்க்கு என்னத்தலே போடுத? வீட்டுல சோறே திங்க மாட்டேங்கு."

வெள்ளை நாய். தேரியின் செம்மணலில் புரண்டு புரண்டு நரி நிறத்துக்கு வந்திருந்தது.

"யாருக்குத் தெரியப் போவுது, விட்டுருளா" என்றேன். அவள் மறுநாளே போய், "சார், அது நாய்" என்று சொல்லிவிட்டாள்.

"நாயா இருந்தா என்னம்மா, நல்லாத்தான இருக்கு?" என்றிருக்கிறார் இனிகோ.

மேலும் முப்பது நாள் போனோம். அண்ணாச்சி நாயைக் கட்டிப்போட்டார். நரியைப் பார்த்தது ஐந்து முறை. நான்கில் தெரிந்தது முதுகுதான். ஒரே ஒரு முறை, பைக் பஞ்சராகி இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, வந்து பழம் தின்றது. பல்லில் சிக்கிய நாரை முன்காலால் இழுத்து இழுத்துப் பார்த்தது.

அப்படியே செய்தாள். ஆள் நடமாடினால் நரி புதருக்குள் போய்விடும். மணலில் காலடித்தடம் மட்டும் இருக்கும். சோதித்துப் பார்த்த ஆறு பேரும் ஒன்றையே எழுதினார்கள்: நரி இல்லை.

"நரி எங்கம்மா?"

"இருக்கு சார். ஒங்களப் பாத்திருச்சு, அதான்."

"காசு குடுத்து விளையாடுதவன் தடத்தையா பாத்துட்டு இருப்பான்? அந்த நாயையே வையி. இல்லன்னா வெள்ளிக்கிழமையோட கெளம்பு."

அவள் நாயை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, நரி இல்லை என்று கடைசியாக எழுதிக் கொடுப்பதற்காக இனிகோவே விளையாட உட்கார்ந்தார். அந்த நேரம் வீட்டிலிருந்து போன். சீலா வாங்குவதா, விளமீன் வாங்குவதா என்று பேச்சு. திரையில் இருந்த ஆளை அப்படியே நிறுத்திவிட்டுப் பதினான்கு நிமிடம் பேசினார். புதர் அசைந்தது. நரி வந்து பழம் தின்றது. நாரை இழுத்தது.

"ஏளா, போனை வையி" என்று கிசுகிசுத்தார். "நரி வந்திருக்கு."

மாடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். திரைக்குள் இருக்கும் நரிக்குத் தங்கள் சத்தம் கேட்காது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

வேலை நிரந்தரமானது. அடுத்து, நெருப்புக் கக்கிக்கொண்டு பறக்கும் நாகம் ஒன்றை நிஜம் போலச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பைக்கை எந்தப் பக்கம் விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த விளையாட்டைக் காட்டுகிறேன். "ஒன் தங்கச்சி நரி எங்கலே?" என்கிறார்கள். "இருக்கு அண்ணாச்சி, செத்த அசையாம இருங்க" என்கிறேன். இதுவரை யாரும் இருந்ததில்லை.

விளையாட்டில் வருவது இனிகோவின் பெயர்தான். ஆனால் நரியின் அடிவயிற்று மயிருக்குள் தன் பெயரை எழுதியிருக்கிறாள். அது மல்லாந்து படுத்தால்தான் தெரியும். ஆளுக்கு முன்னால் அது படுக்காது. தான் செய்த ஒன்றில் சரண்யாதேவி என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை.