கோழிப்பண்ணையோடு திரும்பிய பஸ்

அன்னூரிலிருந்து எங்கள் பக்கம் புதிதாக மினி பஸ் விட்டபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அதன் நெற்றியில் எழுதியிருந்த ஊர்களில் கடைசிப் பெயர் எங்கள் ஊருடையது. அதை வீட்டில் சொன்னது நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது.

ஆனால் பஸ் கோழிப்பண்ணையோடு திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்றரை மைல், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மார்கழிக் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் அந்தத் தடமே பனிக்குள் எங்கேயோ போய்விடும். சூம்பிய காலில் இரும்புப் பட்டை மாட்டிய தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நடப்பாள். அம்மா பனியில் மறைந்தாலும் பட்டையின் 'கிணுக் கிணுக்' கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே நான் போவேன். பாதித் தூக்கத்தில், பஸ்ஸே எங்களைத் தேடி வருவதாகத் தோன்றும்.

கோழிப்பண்ணையில் கண்டக்டர் இறங்கி நிற்பார். "வாங்க அம்மணி" என்று தங்கச்சியைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைப்பார். ஊர் வரைக்கும் வரக் கூடாதா என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நான் போலாம்னுதானுங்க்கா சொல்றேன். டீசலுக்குக் கட்டாதுன்னு ஓனரு திருப்பச் சொல்லிப்போட்டாருங்க."

அப்பா விடவில்லை. "பர்மிட்டுல நம்மூரு இருக்குதில்ல? ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிப் போடு கண்ணு. படிக்கவெச்சது எதுக்கு?"

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். "மொதல்ல ஐயா சௌக்கியமான்னு கேளு. பஸ்ஸு நல்லா ஓடுதுன்னு எழுது. ஊடு வரைக்கும் வந்தா புள்ளைக்கு ஒத்தாசையா இருக்கும்னு கடைசியாச் சொல்லு. கண்டக்டரு தம்பி பேரு மட்டும் எங்கயும் வந்தறக் கூடாது."

"புகார் எழுதறயா, பொண்ணு கேக்கப் போறயா?" என்றார் அப்பா.

எனக்கும் அதே சந்தேகம்தான். இலக்கணப் புத்தகத்தில் இருந்த விண்ணப்பக் கடித மாதிரியில் சௌக்கியம் விசாரிக்க இடமே இல்லை. புகார் என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும் அல்லவா? ஓனர் பெயர் எனக்குத் தெரியாது. கண்டக்டர் பெயர் தெரியும். 'பொறுப்பற்ற நடத்துநர்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, பெயரையும் சேர்த்தேன். படித்துக் காட்டும்போது மட்டும் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா கீழே கைநாட்டு வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. பாட்டும் ஹாரனுமாகப் பஸ் எங்கள் வீட்டு முன்னாலேயே வந்து நின்றது. கனவு கலைந்துவிடுமோ என்று கண்ணைத் தேய்க்காமல் நின்றேன். கண்டக்டர் புது ஆள். படியில் நின்றபடி விசில் ஊதினார். தங்கச்சியை அம்மாதான் தூக்கி ஏற்றினாள்.

"பழைய தம்பி எங்கீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பதமாத்தான் எழுதுனோம், கேட்டுட்டாங்க" என்று அம்மா பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது, ஒரு பக்கம் முழுக்க டைப் அடித்த கடிதம். பஸ் இனி ஊர் வரை வரும் என்ற முதல் பாதியைச் சத்தமாகப் படித்தேன். தங்கள் புகாரின் பேரில் மேற்படி நடத்துநரின் உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டுள்ளது என்று அடுத்த பாதி தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

"அவ்வளவுதானா கண்ணு?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா காகிதத்தை வாங்கி, நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே இருந்த வரிகளைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினாள். பிறகு மடித்து ரேஷன் கார்டோடு வைத்தாள். அதற்கப்புறம் கண்டக்டரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி.

அன்றிலிருந்து சாயங்காலமானால் தங்கச்சியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துவைத்து, "இது என்ன எழுத்து அம்மணி? இது?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தங்கச்சி சொல்லச் சொல்ல, அம்மாவின் உதடுகளும் அசையும். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.